வானம் பார்த்த பிள்ளைகள்

செங்கல்பட்டுச் சீமைக்கு விமானம் புதிதல்ல. 1910-லேயே சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் உருவான தன் விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். 1954-ல் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு இந்த வானம் சும்மா இருந்ததில்லை. கிரண் ஜெட்டின் இரைச்சல் கேட்டால் கேளம்பாக்கத்திலும் திருப்போரூரிலும் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவருவார்கள். அது புள்ளியாகி மறையும்வரை அண்ணாந்து நின்று டாட்டா காட்டுவார்கள். 2018 ஏப்ரலில் மாமல்லபுரம் சாலையில் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட கடைசி நாள், தமிழ்ப் புத்தாண்டு. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள்.

இப்படி வானம் பார்த்து வளரும் பிள்ளை, ஒருநாள் விமானம் விழுவதையும் பார்க்க நேர்ந்தால்?

அன்று அந்தக் காட்சி, அங்கே நின்றவர் கண்ணோடு போயிற்று. 1989 அக்டோபர் 8, விமானப்படை தினம். டெல்லி பாலம் விமானதளத்தில் சாகசம் செய்துகொண்டிருந்த மிராஜ் 2000, கூடியிருந்தவர்கள் கண்ணெதிரே விழுந்து நொறுங்கியது. விங் கமாண்டர் ரமேஷ் பக்‌ஷி உயிரிழந்தார். நேரில் பார்த்த பிள்ளைகளுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் செங்கல்பட்டுப் பிள்ளைக்கு அது மறுநாள் பேப்பர் செய்தி. வாசித்துச் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். “ஏன் விழுந்துச்சு?” என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்வார், தெரியாவிட்டால், “போய்ப் படி” என்று அதட்டுவார். எப்படியும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்.

இன்று நிலைமை வேறு. 2025 நவம்பர் 14, குழந்தைகள் தினம். பிற்பகல் 2.25 மணிவாக்கில் வழக்கமான பயிற்சியில் இருந்த பிலாட்டஸ் பிசி-7 விமானம் திருப்போரூர் அருகே விழுந்தது. விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் உயிர் தப்பினார். சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 21 அன்று, துபாய் விமானக் கண்காட்சியில் இந்தியாவின் தேஜஸ் போர் விமானம் விழுந்து வெடித்தது. விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் இறந்தார். இமாச்சலத்துக்காரர், பணியாற்றியது நம் சூலூர் விமானப்படைத் தளத்தில். அந்தத் தீப்பிழம்பு அன்று மாலைக்குள் ஊரெல்லாம் செல்போனில் ஓடியது. முந்தின வாரம், “பைலட் தப்பிச்சிட்டாராம்” என்று பேசிக்கொண்ட பிள்ளைகளின் கைக்கும் அது வந்தது.

பார்வையாளரின் உயிரைக் காக்க உலகம் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறது. 1952-ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமானம் வானிலேயே சிதறி, கூட்டத்தில் 29 பேர் மாண்டார்கள். அதன்பின், சாகசம் செய்யும் ஜெட் விமானம் கூட்டத்திலிருந்து குறைந்தது 450 மீட்டர் தள்ளிப் பறக்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. 1988-ல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் 70 பேர் இறந்தபோது, அந்த நாடு மூன்று ஆண்டுகளுக்கு இத்தகைய காட்சிகளையே தடை செய்தது. 2002-ல் உக்ரைனின் லிவிவ் நகரில் விமானம் கூட்டத்துக்குள் பாய்ந்து 77 பேர் பலியானார்கள். தூரம் எதற்காக என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். துபாயில் பார்வையாளர் ஒருவர்கூட சாகவில்லை. 2024 அக்டோபரில் மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போய் ஐந்து பேர் இறந்தார்களே, அதற்கும் எந்த விமானமும் காரணமில்லை. மேலே எல்லாம் சரியாகப் பறந்தன, கீழே வெயிலும் நெரிசலும் வதைத்தன.

ஆக, உடலுக்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டோம். கண்ணுக்குப் போடவில்லை. அன்று டெல்லியில் நின்ற பிள்ளை ஒருமுறை பார்த்தது. இன்றைய பிள்ளை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தும் அருகில் பார்க்கிறது, நிறுத்திப் பார்க்கிறது, பின்னணி இசையோடு மறுபடியும் பார்க்கிறது. பக்கத்தில் பெரியவர் இல்லை. 2001-ல் நியூயார்க் கோபுரங்கள் சரிந்ததைத் தொலைக்காட்சிகள் ஓயாமல் காட்டியபோது, சின்னஞ்சிறு பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அது புதிதாக நடப்பதாகவே நினைத்துக்கொள்வார்கள் என்று குழந்தை மனநல மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அப்போதாவது வீட்டில் ஒரே திரை, அணைத்தால் தீர்ந்தது.

துபாயில் அந்த விபத்துக்குப் பிறகும் காட்சி தொடர்ந்தது. ஆனால் அமெரிக்க எஃப்-16 சாகசக் குழுவின் தலைவர் டெய்லர் ஹீஸ்டர், இறந்த சக விமானிக்கு மரியாதையாகத் தன் குழு பறக்காது என்று முடிவெடுத்தார். சாவுக்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் கட்டைவிரலுக்குத்தான் அது தெரிவதில்லை.

பிள்ளைகளை வானம் பார்க்க வேண்டாம் என்று தடுக்காதீர்கள். தாம்பரத்து விமானங்களுக்கு அவர்கள் டாட்டா காட்டட்டும். விழுந்த காட்சியை அவர்கள் பார்த்துவிட்டால், என்ன பார்த்தாய் என்று கேளுங்கள், இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள், திருப்போரூர் விமானி எப்படித் தப்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ உங்கள் போனுக்கு வந்தால், யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.