சிறிய ஊர்தியும் அளவான மருந்தும்



ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில் ஆந்திரேயாஸ் ரெட் என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1954-ஆம் ஆண்டில் ஒருநாள், தம்மைக் காண்பதற்காகத் தாயாரின் மடியில் அமர்ந்து காத்திருந்த இரண்டு சிறுமியரை அவர் கண்டார். இருவரும் கைகளைக் கழுவுவதுபோல ஓயாது பிசைந்துகொண்டிருந்தனர். இரு வேறு குழந்தைகளிடம் ஒரே அசைவு எங்ஙனம் வந்தது? இது தற்செயலாக இராது என்று எண்ணிய அவர், தம்முடைய பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அதே அறிகுறிகளையுடைய வேறு சிலரையும் கண்டறிந்தார். 1966-இல் அவர் இதுபற்றி எழுதியதை அந்நாளில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1983-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெங்ட் ஹாக்பெர்க்கும் அவருடைய துணைவர்களும் 35 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகே, ரெட் நோய் என்ற பெயர் உலகெங்கும் பரவிற்று.

ஏறத்தாழப் 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரக்கூடிய நரம்பு நோய் இது. குழந்தை முதல் ஆறு மாதங்களேனும் இயல்பாக வளர்கிறது. அதன் பிறகு, கற்ற சொற்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பொம்மையைப் பற்றிய கை, பற்றும் திறனை இழக்கிறது. வலிப்பு வருகிறது; மூச்சும் சீர்கெடுகிறது. பெற்றதை இழப்பதுதான் இந்நோயின் கொடுமை.

இதன் காரணத்தை, 1999-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஹூடா ஜோக்பி என்ற பெண்மணியின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. மெக்-பி-2 என்னும் ஒரேயொரு மரபணுவில் நேர்ந்த பிழையே பெரும்பாலான நோயாளிகளின் துன்பத்துக்குக் காரணம். அந்த மரபணு ஆக்கும் புரதம், நரம்பணுக்களுக்குள் பிற மரபணுக்களின் வேலையை நெறிப்படுத்துகிறது.

2007-இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டும் அவர் குழுவினரும் மற்றோர் உண்மையைக் காட்டினர். அடக்கி வைத்திருந்த அந்த மரபணுவை, நோய் முற்றிய சுண்டெலிகளில் மீண்டும் இயங்கச் செய்தபோது அவை தேறின. நரம்பணுக்கள் பட்டுப்போன மரங்கள் அல்ல. நீரின்றி வாடிய பயிர்களே என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் நல்ல மரபணுவை மூளைக்குள் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? உயிரணுக்களுக்குள் நுழைவதில் வைரஸைவிடத் தேர்ந்தவர் எவருமில்லை. 1965-இல் கண்டறியப்பட்ட அடினோ இணை வைரஸ், மனிதருக்கு நோய் எதனையும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. அதன் சொந்த மரபணுக்களை நீக்கிவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை உள்ளே வைத்தால் அதுவே ஓர் ஊர்தியாகிவிடும். அதன் ஒன்பதாம் வகை, நரம்பு மண்டலத்தைச் சென்றடைய வல்லது. முதுகுத் தண்டுத் தசைநலிவு நோயுற்ற சிறு குழந்தைகளுக்கு இவ்வகை ஊர்தியில் ஏற்றிய மருந்தை, 2019-இல் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஊர்தி மிகச் சிறியது. குறுக்களவு 25 நானோமீட்டர். 40,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். மரபுச் செய்தி எழுத்துகளால் ஆனது என்று கொண்டால், அதில் ஏறக்கூடியவை ஏறத்தாழ 4,700 எழுத்துகளே. விரைவாகவும் திறம்படவும் வேலை செய்யும் இரட்டை இழை அமைப்பை விரும்பினால், இடம் பாதியாகக் குறைந்துவிடும். மெக்-பி-2 புரதத்துக்குரிய செய்தியே ஏறக்குறைய 1,500 எழுத்துகள். வேலையைத் தொடங்கி வைக்கும் பகுதிக்கும் முடித்து வைக்கும் பகுதிக்கும் இடம் வேண்டும். இவையெல்லாம் ஏறியபின் எஞ்சுவது மிகக் கொஞ்சம்.

எஞ்சிய இடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்களே, அது இந்தப் புரதத்துக்கு அப்படியே பொருந்தும். இதே மரபணு இரு மடங்காக அமைந்து பிறக்கும் ஆண் குழந்தைகள் வேறொரு கடுமையான நரம்பு நோய்க்கு ஆளாகின்றனர். ரெட் நோயுற்ற சிறுமியின் மூளையிலோ, பிழையுள்ள அணுக்களும் பிழையற்ற அணுக்களும் கலந்தே இருக்கின்றன. ஏனெனில் பெண்ணின் ஒவ்வோர் அணுவும் தன் இரண்டு எக்ஸ் நிறப்புரிகளில் ஒன்றை மட்டுமே பயன்படுத்துகிறது. வைரஸுக்கு இந்த வேறுபாடு தெரியாது. தேவையுள்ள அணுவிலும் இறங்கும். தேவையற்ற அணுவிலும் இறங்கும். ஆகவே மருந்தோடு ஒரு தடுப்புக் கட்டையும் ஏறியாக வேண்டும்.

அதற்கு இடம் செய்ய என்ன வழி? பேர்டின் குழுவினர் 2017-இல் விடை கண்டனர். இப்புரதத்தில் இன்றியமையாத பகுதிகள் இரண்டு. ஒன்று டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்வது, மற்றொன்று மரபணுக்களை அடக்கும் துணைப் புரதங்களைப் பற்றிக்கொள்வது. பாலத்தின் இரு கரைகளைப் போல இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டினர். புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது. அந்தக் குறும்புரதத்துடன் பிறந்த எலிகள் ஏறக்குறைய இயல்பாகவே வாழ்ந்தன!

மிச்சமான இடத்தில் தடுப்புக் கட்டை ஏறிற்று. டெக்சாஸில் சாரா சின்னெட், ஸ்டீவன் கிரே முதலியோர் அமைத்த வழியை 2021-இல் வெளியிட்டனர். இப்புரதம் மிகும்போது சில நுண் ஆர்.என்.ஏ.க்களும் உயிரணுவில் மிகுகின்றன. அவை வந்து பற்றிக்கொள்ளும் இடங்களை ஊர்தியின் செய்தியிலேயே எழுதி வைத்தனர். புரதம் பெருகினால் அவை பற்றிக்கொண்டு உற்பத்தியைக் குறைக்கும், குறைந்தால் விட்டுவிடும். நிரம்பியதும் தானே மூடிக்கொள்ளும் நீர்த்தொட்டிக் குழாயைப் போன்றது இது.

2023-இல் ரெட் நோயாளிகளிடம் மரபணு மருத்துவச் சோதனைகள் தொடங்கின. 2024-இல் முழு மரபணுவை ஏற்றிய வேறொரு சோதனையில், மிகை அளவு மருந்து பெற்ற ஒருவர், உடலின் தற்காப்பு ஆற்றல் கட்டுமீறி எழுந்த அழற்சியால் உயிரிழந்தார். அந்த அளவு உடனே கைவிடப்பட்டது. சுமையை அளந்தால் மட்டும் போதாது, ஊர்திகளின் எண்ணிக்கையையும் அளக்க வேண்டும் என்பதை அந்த இழப்பு உணர்த்திற்று.

நண்பர்களே, ஒரு புரதத்தில் எதை விடலாம், எதை விடலாகாது என்று அறிவதற்கு இத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன. வியன்னாவில் ஒரு மருத்துவர் இரு சிறுமியரின் கைகளைக் கூர்ந்து நோக்கியதில் தொடங்கிய வேலை இது. அத்தகைய கைகள் மீண்டும் ஒரு பொம்மையைப் பற்றும்வரை அது முடிவதில்லை. உயிர்நூலும் வேதியியலும் பயிலும் உங்களுள் சிலரேனும் அவ்வேலையில் பங்கு கொள்வீர்களாக!