வரலாற்றுப் பாடத்துக்கு ஒன்பது ஆண்டுத் திட்டம்: கால்க் ஷீட்டில் போடலாம் வாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் கேட்கும் கேள்வி இது: "லெட்டர் டைப் செய்தாயிற்று, பாட்டு கேட்டாயிற்று, படமும் பார்த்தாயிற்று. வேறு என்ன உருப்படியாகச் செய்யலாம்?" வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு நல்ல வேலை இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தைப் பள்ளிப் படிப்பு முடியும் வரை எப்படிப் படிப்பது என்று ஒரு திட்டம் போடலாம். அதற்கு ஸ்ப்ரெட்ஷீட் மிகவும் வசதியானது. நான் செய்து, தப்பு செய்து, திருத்திக்கொண்டதை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி. என் அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்தவர். தன் மகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று அவரும் மாமாவும் முடிவு செய்தார்கள். பாப்பாவுக்கு அப்போது 9 வயது. கணக்கையும் அறிவியலையும் அக்கா பார்த்துக்கொண்டார். "வரலாறுதான்டா எங்கே ஆரம்பிச்சு எங்கே முடிக்கிறதுன்னே தெரியலை. நீதான் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆச்சே, ஒரு பிளான் போட்டுக் கொடு" என்றார். எனக்கு வரலாறு தெரியாது, ஷீட் போடத் தெரியும். அதனால் ஒப்புக்கொண்டேன்.

முடிவில் இருந்து ஆரம்பியுங்கள்

நீண்ட திட்டத்தைக் கடைசியில் இருந்து முன்னால் போட வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலரும் எழுதுவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வு. என்.ஐ.ஓ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மத்திய அரசால் 1989-ல் தொடங்கப்பட்டது. பத்தாம் வகுப்புக்குச் சமமான படிப்பில் சேர 14 வயதும், பன்னிரண்டுக்குச் சமமான படிப்பில் சேர 15 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். பத்தில் சமூக அறிவியலுக்குள் வரலாறு வருகிறது. பன்னிரண்டில் வரலாறு தனிப் பாடம். சேரும் முன்பு அப்போதைய விதிகளை நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்து மூன்று சுற்றாகப் பிரித்தேன். 9 முதல் 12 வயது வரை முதல் சுற்று: ஆதி காலம், இடைக்காலம், ஐரோப்பியர் வருகை, நவீன காலம் என்று ஆண்டுக்கு ஒன்று, எல்லாம் கதையாக. 13, 14 வயதில் இரண்டாம் சுற்று: பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு. 15 முதல் 17 வரை மூன்றாம் சுற்று: அதே நான்கு காலங்கள், இம்முறை "ஏன் நடந்தது, எப்படித் தெரியும்" என்ற கேள்விகளோடு. ஒரே காலத்தைப் பிள்ளை மறுபடி மறுபடி சந்திப்பதால் மறக்காது. முதல் சுற்றில் ஏதாவது விட்டுப் போனாலும் கவலையில்லை.

ஷீட் தயார் செய்வோம்

லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸெல் இருந்தால் அதிலும் செய்யலாம். தமிழை யூனிகோட் முறையில் டைப் செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறக்கும்போது புரியாத எழுத்துகளாகத் தெரியும்.

முதல் வரியில் இந்தத் தலைப்புகளைப் போடுங்கள்: சுற்று, ஆண்டு, நிகழ்ச்சி, இடம், எங்கே படிக்க, எங்கே பார்க்க, முடித்த தேதி. பின்பு வியூ மெனுவில் ஃப்ரீஸ் செல்ஸ் சென்று, முதல் வரியை ஃப்ரீஸ் செய்யுங்கள். எவ்வளவு கீழே போனாலும் தலைப்பு மேலேயே நிற்கும்.

ஆண்டு என்ற பத்தியில்தான் பலரும் சிக்கிக்கொள்வார்கள். எக்ஸெல் 1900-ம் ஆண்டுக்கு முந்தைய தேதிகளைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். வரலாற்றில் பெரும்பகுதி அதற்கு முன்புதானே! எனவே தேதி போடாமல் ஆண்டை மட்டும் எண்ணாகப் போடுங்கள். 'கி.பி. 985' என்று அடிக்காதீர்கள், 985 என்று மட்டும் அடியுங்கள். கி.மு. ஆண்டுகளுக்கு முன்னால் மைனஸ் குறி. இப்படிச் செய்தால் வரிசைப்படுத்தும்போது கி.மு. முதல் இன்று வரை தானாக அடுக்கிவிடும். ஒரு சின்ன எச்சரிக்கை: கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. நடுவில் பூஜ்யம் ஆண்டு கிடையாது. கி.மு.வில் இருந்து கி.பி.க்கு எத்தனை ஆண்டு என்று கழித்துப் பார்த்தால் வரும் விடையில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வரிசைப்படுத்தும்போது ஒரு பத்தியை மட்டும் தேர்வு செய்யாதீர்கள். முழு அட்டவணையையும் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் அசோகர் வரியில் திப்பு சுல்தானின் ஆண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'இடம்' பத்தியில் நான்கே சொற்கள்

அந்தப் பத்தியில் உலகம், இந்தியா, தமிழகம், நம் ஊர் என்ற நான்கில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். பின்பு டேட்டா மெனுவில் ஆட்டோஃபில்டர் கொடுத்தால் வேண்டியதை மட்டும் பிரித்துப் பார்க்கலாம்.

நான் முதலில் 'நம் ஊர்' போடவே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பி.டி.எப். ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் இருந்த தலைப்புகளை 400 வரிகளாக நிரப்பி, எந்த வாரம் எது என்றும் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். பாப்பா பார்த்துவிட்டு, "மாமா, இதுல நம்ம ஊரு எங்க?" என்றாள். தேடினேன். இல்லை.

தேடத் தொடங்கியபோதுதான் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. அசோகரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியரோடு 'சத்தியபுத்திரர்' என்ற ஒருவரையும் சொல்கின்றன. அவர் யார் என்பது நெடுநாள் புதிர். திருக்கோவிலூருக்கு அருகில் ஜம்பையில் 1981-ல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமி கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை அந்தப் பட்டத்தோடு குறிப்பிட்டுப் புதிரை விடுவித்தது. 985-ல் அரியணை ஏறிய ராஜராஜ சோழனின் தாய் வானவன் மாதேவி, திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் குலத்துப் பெண். தியாகதுருகம் மலைக்கோட்டைக்காக 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மோதினார்கள். எல்லாமே பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பும் தூரம்.

எங்கள் வீடே ஒரு பாடம். அம்மா பிறந்தபோது அது தென்னாற்காடு மாவட்டம். நான் பிறந்தபோது விழுப்புரம் மாவட்டம். 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். வீடு நகரவே இல்லை!

நான் செய்த தவறு

கல்வராயன் மலையை 'நம் ஊர்' என்று போட்டு, நான்காம் ஆண்டில், அதாவது நவீன காலத்தில் வைத்தேன். அந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. இந்தியா 1947-ல் சுதந்திரம் பெற்றாலும், ஜாகிர் முறை முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-ல்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு.

முதல் ஆண்டில் ஒருநாள் கோமுகி அணை பார்க்கப் போனவர்கள், அப்படியே வெள்ளிமலை வரை ஏறினோம். டீக்கடை வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பாப்பா அவரிடம், "தாத்தா, சுதந்திரம் வந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். "எந்தச் சுதந்திரம் பாப்பா? எங்களுக்கு ஜாகிர் போச்சே, அதுதான்" என்றார். கூலியில்லாமல் ஏர் ஓட்டிய நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். என் சட்டைப் பையில் மொபைல் இருந்தது. நான் ரெக்கார்ட் செய்யவில்லை. திட்டப்படி இது நான்காம் ஆண்டுப் பாடம், அப்போது வந்து முழுதாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு போனபோது அவர் இல்லை. பாப்பா நோட்டில் எழுதி வைத்திருந்த மூன்று வரிகள்தான் எங்களிடம் இருக்கின்றன.

கல்வெட்டு காத்திருக்கும். பாடநூலும் காத்திருக்கும். நேரில் பார்த்த மனிதர் காத்திருக்க மாட்டார். இதை என் ஷீட் எனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் அதை ஆண்டுவாரியாக மட்டுமே அடுக்கியிருந்தேன்.

ஒரு பத்தி சேருங்கள்

அன்று இரவே 'அவசரம்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். நினைவில் உள்ளவரிடம் கேட்க வேண்டியது என்றால் 1. நேரில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்றால் 2. புத்தகத்தில் இருப்பது என்றால் 3. டேட்டா மெனுவில் சார்ட் சென்று முதலில் 'அவசரம்', இரண்டாவதாக 'ஆண்டு' என்று கொடுங்கள். முதலில் தலைப்பு வரிக்கான கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது எந்த வேலையை இந்த ஆண்டே செய்ய வேண்டும் என்பது மேலே வந்து நிற்கும். பாடம் ஆதி காலத்தில் இருந்தே வரிசையாக நடக்கட்டும். சேகரிப்பு மட்டும் இன்றிலிருந்து பின்னோக்கிப் போகட்டும்.

ரெக்கார்ட் செய்யும் முன்பு சம்மதம் கேளுங்கள். பைலின் பெயரில் முதலில் ஆண்டு, பின்பு மாதம், பின்பு நாள், அதன் பிறகு ஊர்ப் பெயர் என்று வையுங்கள். போல்டரில் தானாக வரிசையாக அடுக்கிக்கொள்ளும். அந்தப் பெயரையே ஷீட்டில் 'எங்கே படிக்க' பத்தியில் எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். ஒன்பது ஆண்டுகளில் ஹார்டு டிஸ்க் ஒருமுறையாவது மக்கர் செய்யும் என்று நினைத்தே திட்டமிடுங்கள்.

வாரவாரியாக நான் எழுதியிருந்ததை எல்லாம் அழித்துவிட்டேன். ஒரு வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தத் திட்டம் முழுதும் சரிந்துவிடுகிறது. ஆண்டுக்கு 30 தலைப்பு என்று மட்டும் வைத்திருக்கிறோம்.

இப்போது பாப்பாவின் ஷீட்டில் 1947 என்ற வரிக்குக் கொஞ்சம் கீழே 1976 என்று ஒரு வரி இருக்கிறது. இடம்: நம் ஊர். அவசரம்: 1. 'எங்கே படிக்க' பத்தியில் "என் நோட்டு, மூன்று வரி" என்று அவளே டைப் செய்திருக்கிறாள். அதற்குக் கீழே மலையில் வேறு நான்கு பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்த பைல்களின் பெயர்கள் இருக்கின்றன.

உங்கள் ஷீட்டின் முதல் வரியாக வீட்டில் இருக்கும் மூத்தவரின் பெயரை எழுதுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்குங்கள்.