நெல்லிலையும் நுரையும்

காவிரிப் படுகையின் வயல்களில் விடியற்காலைப் பனித்துளி நெல்லிலையின்மேல் முத்தாகத் திரண்டு நிற்கும். காற்று சற்றே அசைத்தால், இலையை நனைக்காமலே உருண்டு விழும். நீரின் பரப்பு இழுவிசை துளியை உருண்டையாகப் பிடித்து வைக்கிறது. இலைமேல் படிந்த மெழுகும் நுண்புடைப்புகளும் அத்துளியைப் படரவிடுவதில்லை. இதனை நீர்வெறுக்கும் தன்மை என்பர்.

உழவர்க்கு இத்தன்மையால் இடரும் உண்டு. தெளிக்கும் மருந்து இலையில் தங்காது வழிந்து வயல்நீரில் கலக்கிறது. பொருளும் உழைப்பும் வீணாகின்றன. ஆகவேதான் வேப்பெண்ணெய்க் கரைசலில் காதி சோப்பையோ ஒட்டும் திரவத்தையோ சேர்க்கின்றனர். சோப்பு மூலக்கூறின் தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். இம்மூலக்கூறுகள் நீர்ப்பரப்பில் அணிவகுத்துப் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் துளி இலையில் படர்கிறது.

நுரை மிதப்பு முறை

இலையில் இடராகும் நீர்வெறுப்பே சுரங்கத் தொழிலில் துணையாகிறது. சிவகங்கைப் பகுதியில் கிடைக்கும் கிராஃபைட், குவார்ட்சு முதலிய பாறைப்பொருள்களோடு கலந்துள்ளது. அதனைத் தூய்மைப்படுத்தும் ஆலையைத் தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கு நடத்துகிறது.

கிராஃபைட் நீரைவிட இரு மடங்குக்கும் மேல் அடர்த்தி உடையது. எனினும் நுரையில் மிதக்கும். அரைத்த தாதுவை நீரில் கலக்கி மண்ணெண்ணெயும் பைன் எண்ணெயும் சேர்ப்பது இம்முறையின் வழக்கம். மண்ணெண்ணெய் கிராஃபைட் துகளில் படிந்து அதன் நீர்வெறுப்பை மிகுவிக்கிறது. பைன் எண்ணெய் காற்றுக்குமிழி எளிதில் உடையாதவாறு காக்கிறது. காற்றைச் செலுத்தியதும் கிராஃபைட் துகள்கள் குமிழிகளைப் பற்றி மேலெழுகின்றன. நீரில் நனைந்த குவார்ட்சு அடியில் தங்குகிறது. நுரையை வழித்தெடுத்து, மீண்டும் அரைத்து, மிதக்கவிடுந்தோறும் தூய்மை கூடுகிறது. உலோகம் உருக்கும் மூசைகளுக்கும் தீச்செங்கற்களுக்கும் இக்கிராஃபைட் பயன்படுகிறது.

எல்லாக் கனிமங்களும் இயல்பாகவே நீரை வெறுப்பதில்லை. இராசத்தானின் கேத்ரியில் கிடைப்பது போன்ற செப்புச் சல்பைடு தாதுவிற்குச் சாந்தேட் என்னும் சேகரிப்பான் தேவை. அதன் தலை தாதுவைப் பற்ற, வால் வெளிநோக்கி நின்று, துகளை நீர்வெறுப்பதாக மாற்றுகிறது.

அளவின் இன்றியமையாமை

சோப்பை ஒரு குறிப்பிட்ட செறிவுக்கு மேல் சேர்த்தால் பரப்பு இழுவிசை மேலும் குறைவதில்லை. மிகுந்த மூலக்கூறுகள் வால்களை உள்நோக்கி மறைத்து, மிசெல் எனப்படும் திரள்களாகின்றன. ஒட்டும் திரவம் மிகுந்தால் மருந்து இலையில் நில்லாது வழியும். நீரில் கலந்து மீன்களின் செவுள்களுக்கும் ஊறு செய்யும். ஆலையில் நுரை மிகுந்தால் மாசும் உடன் ஏறிவிடும். எனவே எவ்வளவு சேர்ப்பது என்பதை அறிவதும் இவ்வேதியியலின் இன்றியமையாப் பகுதியாகும்.