எல்லைப்புறத்தின் பாட்டுச் செல்வம்

கிருஷ்ணகிரி ஜில்லா தேன்கனிக்கோட்டைத் தாலுகாவிலுள்ள ஜவளகிரியைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வருமாயின், அது பெரும்பாலும் யானைச் செய்தியாகவே இருக்கும். பன்னார்கட்டாப் பக்கத்துக் காடுகளிலிருந்து கூட்டமாக வரும் யானைகள் ராகிக் கொல்லைகளை அழிப்பதும், அவற்றைத் திரும்ப வனத்துக்குள் விரட்டுவதும் நேயர்கள் அறிந்தவையே. யானைக்கு ராஜ்ய எல்லை தெரியாது. எல்லை தெரியாத இன்னொரு பொருளும் அக்கிராமங்களில் உண்டு. அது பாட்டு. யானையைப் பற்றி இரண்டு ஸர்க்கார்களும் கவலைப்படுகின்றன. பாட்டைப் பற்றிக் கவலைப்படுவோர் யார் என்று கேட்க விரும்புகிறோம்.

அப்பிரதேசத்து ஜனங்கள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். வனத்தை அண்டி இருளர்களும் வாழ்கிறார்கள். இம்மூன்று பாஷைகளிலும் உழைப்போடு பிறந்த பாட்டுக்கள் ஏராளம். கன்னடப் பெண்களுக்குத் திரிகைப் பாட்டு உண்டு. தெலுங்குப் பெண்களுக்கு உலக்கையோடு சேர்ந்த சுவ்விப் பாட்டு உண்டு. தமிழருக்கு ஏற்றப் பாட்டும் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் உண்டு. எழுத்தறியாத பெண்மக்கள் தலைமுறை தலைமுறையாக நெஞ்சிலேயே காத்துவந்த ஆஸ்தி இது. 'குயில் பாட்டு' இயற்றிய பாரதியார், ஏற்றம் இறைப்போரும் நெல் இடிக்கும் மாதரும் பாடும் பாட்டுக்களில் குயில் தன் நெஞ்சைப் பறிகொடுத்ததாக அதில் சொல்லியிருப்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இந்த ஆஸ்தி இப்பொழுது ஏன் கரைகிறது? பாட்டை யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. பாட்டுக்கு இடம் தந்த வேலைதான் போய்விட்டது. திரிகையின் முன் உட்கார்ந்து ராகி திரிக்கும்போது கை அலுப்புத் தெரியாதிருக்க வாய் பாடிற்று. மாவு யந்திரம் வந்தது. கை நின்றது, அதோடு வாயும் நின்றது. மின்சார மோட்டார் வந்ததும் ஏற்றம் போயிற்று. ஏற்றக்காரன் பாட்டும் கிணற்றோடு போயிற்று. 1970-களில் ஓசூரில் தொழிற்பேட்டை பெருகத் தொடங்கியதிலிருந்து சுற்றுப்புறத்து இளைஞர் கொல்லையை விட்டு ஆலைக்குச் செல்லலாயினர். இதை நாம் குறை கூறவில்லை. பெண்கள் மறுபடியும் திரிகை சுற்றவேண்டும் என்று சொல்லும் கொடுமைக்கு நாம் உடன்படோம். உழைப்பின் பாரம் ஒழியட்டும். அந்தப் பாரத்தின் நடுவே அவர்கள் ஆக்கிய அழகும் ஏன் உடன் ஒழியவேண்டும் என்பதே நம் கேள்வி.

முன்னோர் இதை உணராமல் இல்லை. 1871-ல் சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் பற்றி வெளியிட்ட நூலில், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், படகர், குடகர் பாட்டுக்கள் அனைத்தும் ஒரே கட்டுக்குள் இடம் பெற்றன. 1943-ல் மு. அருணாசலம் 'காற்றிலே மிதந்த கவிதை'யைத் தந்தார். பெர்ஸி மாக்வீன் என்ற அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-ல் 'மலையருவி' வெளிவந்தது. 1964-ல் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வந்தது. இவை பெருங் கைங்கரியங்கள். ஆனால் கோவருக்குப் பின் பாஷைக்கு ஒரு வேலியிட்டுத் திரட்டும் வழக்கமே ஓங்கிற்று. தமிழ் அறிஞர் தமிழ்ப் பாட்டைத் தேடுவார். கன்னட அறிஞர் தம் ராஜ்யத்துப் பாட்டைத் தேடுவார். கர்நாடகத்தில் எச். எல். நாகேகௌடரின் முயற்சியால் ராமநகரத்தருகே 'ஜானபத லோக' என்னும் நாட்டுப்புறக் கலைக்கூடம் 1994 முதல் இருந்து வருகிறது, மெச்சத்தக்க செயல். எனினும் தமிழ்நாட்டு எல்லைக்குள் கன்னடத்திலும் தெலுங்கிலும் பாடும் மூதாட்டி எவர் கணக்கில் சேருவாள்? இரண்டு வீட்டுக்கும் உறவானவள் இரண்டு பந்தியிலும் இலையின்றி நிற்கும்படி ஆகிவிடலாகாது.

இவ்விஷயத்தில் மங்கோலியர் நமக்கு வழி காட்டுகிறார்கள். 'உர்தீன் தூ', அதாவது 'நீண்ட பாட்டு', அவர்களுடைய பழஞ் செல்வம். ஒவ்வோர் அசையையும் மூச்சுள்ள மட்டும் நீட்டிப் பாடுவதால் அப்பெயர். கல்யாணத்திலும் நாதாம் திருவிழாவிலும், குதிரைத்தலை செதுக்கிய இரட்டைத் தந்தி வாத்தியத்தின் துணையோடு அது ஒலிக்கும். 1950-களுக்குப் பின் நகரமும் தொழிலும் பெருகி மேய்ச்சல் வாழ்வு சுருங்கியபோது இப்பாட்டும் சுருங்கிற்று. பாடுவோர் மங்கோலியாவிலும் இருக்கிறார்கள். சீனாவின் உள் மங்கோலியாவிலும் இருக்கிறார்கள். ஆயினும் இரு தேசத்தாரும் "இது எங்களுடையது" என்று தனித்தனியே வழக்காடாமல் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். 2005-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை மனித குலத்தின் பொதுப் பாரம்பரியமாக அறிவித்தது. 2008-ல் பட்டியலில் சேர்த்தது. வெவ்வேறு கொடிகளின் கீழுள்ள இரண்டு அரசுகள் ஒரு பாட்டுக்காகக் கை கோத்தன. ஒரே கொடியின் கீழுள்ள இரண்டு ராஜ்யங்களுக்கு அது ஆகாத காரியமா?

"ரஸ்தாவும் ஆஸ்பத்திரியும் முதலில் வரட்டும், பாட்டுக்கு இப்போது என்ன அவசரம்?" என்று சிலர் கேட்கலாம். ரஸ்தா இவ்வருஷம் இல்லையேல் அடுத்த வருஷம் போடலாம். எண்பது வயதுக் கிழவியோடு போகும் பாட்டை அடுத்த வருஷம் எங்கே தேடுவது? இதற்குப் பெரும் பொருளும் வேண்டியதில்லை. ஒலியைப் பதியும் கருவி இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் கைப்பேசியாக இருக்கிறது. எந்த வேலையில், எந்தப் பருவத்தில், எந்தப் பாஷையில் பாடியது, பாடியவர் யார் என்பவற்றோடு சேர்த்துப் பதிய அவர்களைப் பழக்குவது முதல் வேலை. பதிந்தவற்றை இரு ராஜ்யத்தாரும் பொதுவில் காக்கும் ஒரு களஞ்சியம் அமைப்பது இரண்டாவது. பாடுவோரைப் பள்ளிக்கூடங்களுக்கு அழைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்து, தக்க சன்மானம் அளிப்பது மூன்றாவது. பெட்டியில் பூட்டிய பாட்டு பாதிப் பாட்டுதான். பிள்ளையின் வாயில் ஏறினால்தான் அது முழுப் பாட்டாகும்.

1956-ல் பாஷைவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது நிலத்துக்குக் கோடு கிழித்தோம். அது நிர்வாகத்துக்கு அவசியமாயிருந்தது. நெஞ்சுக்குக் கோடு கிழிக்கும்படி எவரும் நம்மைக் கேட்கவில்லை. எல்லைப்புறத்தில் தொண்டு செய்யும் வாலிபர்கள் ஸர்க்காரின் உத்தரவுக்குக் காத்திராமல், இன்றைக்கே தத்தம் வீட்டுப் பாட்டிமார் அருகில் போய் உட்காரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.