24 மணி நேரமும் கேமரா... காதலியை பறிகொடுத்த வீடியோ கடை ஊழியர்! புகழை உதறித்தள்ளிய 'எட் டி.வி.' கதை

காலையில் கண் விழிப்பது முதல் ராத்திரி படுக்கப் போவது வரை ஒரு வாலிபரை கேமரா துரத்துகிறது. அவர் சாப்பிடுவது, சண்டை போடுவது, காதலியிடம் கெஞ்சுவது எல்லாமே 'லைவ்'. நாடே பார்த்து சிரிக்கிறது. "போதும்டா சாமி, ஆளை விடுங்க" என்று அவர் கதறியும் டி.வி.காரர்கள் விடுவதாக இல்லை.

1999-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் வெளியான 'எட் டி.வி.' படத்தின் கதைதான் இது. காதலும் காமெடியும் கலந்த இந்தப் படத்துக்கு அப்போது தியேட்டரில் கூட்டமே இல்லை. ஆனால் அதில் கிண்டலாக காட்டிய சங்கதிகள் பின்னாளில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தன. அதுபற்றிய சுவாரசிய விவரம் வருமாறு:-

அண்ணனுக்கு விரித்த வலையில் தம்பி

சான்பிரான்சிஸ்கோ நகரில் வீடியோ கேசட் கடையில் வேலை பார்ப்பவர் எட். வயது 31. பெரிய வருமானமும் இல்லை, பெரிய ஆசையும் இல்லை. இந்த வேடத்தில் நடித்தவர் மேத்யூ மெக்கானகே. பின்னர் 2014-ம் ஆண்டு சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது வாங்கியவர் இவர்தான்.

ரேட்டிங் படுத்துப்போன ஒரு டி.வி. சேனல், ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையை முழு நேரமும் நேரடியாக ஒளிபரப்ப முடிவு செய்கிறது. ஆள் தேடி வருகிறார்கள். எட்டின் அண்ணன் ரே முண்டியடித்துக்கொண்டு போய் நிற்கிறார். ஆனால் சேனல்காரர்களுக்கு பிடித்துப்போனது, பக்கத்தில் சும்மா நின்ற தம்பியை. பணம் வருகிறது, பேர் வருகிறது. எட் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டு விடுகிறார்.

லைவ் முத்தம்

முதலில் நிகழ்ச்சி சப்பென்று போகிறது. அப்புறம்தான் சூடு பிடிக்கிறது. கேமராவோடு அண்ணன் வீட்டுக்கு போகிறார் எட். அங்கே ரே வேறொரு பெண்ணுடன் கையும் களவுமாக சிக்குகிறார். ரேயின் காதலி ஷாரி, பார்சல் வண்டி ஓட்டி பிழைக்கும் பெண். அவருக்கு விஷயம் தெரிகிறது, அழுகிறார். ஆறுதல் சொல்லப் போன எட், ஷாரியிடம் மனதை பறிகொடுக்கிறார். முத்தம் வரை போகிறது. அதுவும் லைவ்!

சேனலுக்கு கொண்டாட்டம். ரேட்டிங் எகிறுகிறது. ஆனால் அண்ணன்-தம்பி உறவு உடைகிறது. ரே ஆத்திரத்தில் தம்பியை திட்டி ஒரு புத்தகமே எழுதி விடுகிறார்.

ஷாரிக்கு ஏற்பட்ட கதி இன்னும் மோசம். "எட்டுக்கு இந்தப் பெண் பொருத்தமா?" என்று பத்திரிகையில் கருத்துக்கணிப்பு நடத்துகிறார்கள். பொருத்தமில்லை என்று பெரும்பாலானவர்கள் சொல்லி விடுகிறார்கள். பெண் பார்க்க வந்த நாலு பேர் குறை சொன்னாலே மனசு தாங்காது. இங்கே நாடே உட்கார்ந்து பெண் பார்த்து குறை சொல்கிறது. ஷாரி மனம் நொந்து விலகிப்போகிறார்.

அந்த இடத்துக்கு ஒரு கவர்ச்சி மாடல் அழகியை சேனலே கொண்டு வந்து இறக்குகிறது. அந்த வேடத்தில் எலிசபெத் ஹர்லி. யாரை காதலிப்பது என்பதைக்கூட ரேட்டிங்தான் முடிவு செய்கிறது!

புலிவாலை பிடித்த கதை

அதோடு போகவில்லை. 'உங்க அப்பா நம்மை விட்டுட்டு ஓடிட்டார்' என்று சொல்லி வளர்த்த தாயின் பழைய ரகசியமும் ஊர் அறிய அம்பலமாகிறது. குடும்பமே சிதறுகிறது. "நிறுத்துங்க, எனக்கு வேண்டாம்" என்கிறார் எட்.

சேனல் முதலாளி ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுகிறார். எட் நினைத்தபோது விலக அதில் வழி இல்லை. போதாக்குறைக்கு, இனிமேல் குடும்பத்தில் எல்லோர் பின்னாலும் கேமரா வரும் என்கிறார். கையெழுத்து போட்டது ஒருவர், மாட்டியது மொத்த குடும்பம்.

இங்கேதான் எட்டுக்கு மூளை வேலை செய்கிறது. கோர்ட்டுக்கு போகவில்லை. கேமராவை உடைக்கவில்லை. அதே கேமரா முன்னால் நின்று ஒரு போட்டியை அறிவிக்கிறார். 'இந்த சேனல் பெரிய மனுஷங்களைப் பற்றி மானக்கேடான ரகசியம் யாராவது சொன்னால், சிறந்த ரகசியத்துக்கு 10 ஆயிரம் டாலர் பரிசு!'

அவ்வளவுதான், சேனல் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. எட்டை தேர்வு செய்த பெண் தயாரிப்பாளரே மனசாட்சி உறுத்தி, முதலாளியின் அந்தரங்க ஆபரேஷன் ரகசியத்தை சொல்லிக் கொடுக்கிறார். எட் அதை லைவ்வில் உடைக்கப் போகும் நேரத்தில், "கட் பண்ணு" என்று அலறுகிறார் முதலாளி. ஒளிபரப்பு நிற்கிறது. அடுத்தவன் மானம் போனபோது லாபம் பார்த்தவருக்கு, தன் மானம் போகிறது என்றதும் பொறுக்கவில்லை.

கேமரா போகிறது, கூட்டம் கலைகிறது. எட்டும் ஷாரியும் சேர்கிறார்கள். நேற்று வரை எட்டை தூக்கி வைத்து பேசிய டி.வி. பிரமுகர்கள், 'இவரை கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துடுவாங்க' என்கிறார்கள். எட் எதிர்பார்த்ததும் அதைத்தானே!

படம் ஏன் ஓடவில்லை?

படத்தை இயக்கியவர் ரான் ஹோவர்ட். 1960-ல் 6 வயது பையனாகவே அமெரிக்க டி.வி. தொடரில் நடித்து நாடு முழுக்க பிரபலம் ஆனவர். தெருவில் நடந்தாலே பத்து பேர் திரும்பிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அவருக்கு சின்ன வயசிலேயே தெரியும். கதை அவருடைய சொந்த சரக்கு அல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1994-ல் பிரெஞ்சு மொழியில் வந்த 'லூயி 19' படத்தின் தழுவல் இது.

சுமார் 8 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் சுமார் 2.2 கோடி டாலர்தான் வசூலித்தது. முந்தைய ஆண்டு, அதாவது 1998-ல், ஜிம் கேரி நடித்த 'தி ட்ரூமன் ஷோ' வந்து ஹிட்டாகி இருந்தது. அதுவும் ஒரு மனிதனின் வாழ்க்கையை 24 மணி நேரமும் காட்டும் கதை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் 'எட் டி.வி.' அடிபட்டுப் போனது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ட்ரூமனுக்கு கேமரா இருப்பதே தெரியாது, பிறந்ததில் இருந்தே ஏமாற்றப்பட்டவர். எட்டுக்கு எல்லாம் தெரியும். அவரே சம்மதித்து கையெழுத்து போட்டவர். இன்றைக்கு நம்மோடு நெருக்கமாக இருப்பது எட்டின் கதைதான்.

நிஜத்தில் நடந்தது

படம் வந்த அதே 1999-ல், செப்டம்பர் மாதம் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' நிகழ்ச்சி தொடங்கியது. ஒரே வீட்டில் ஆட்களை அடைத்து கேமரா வைத்தார்கள். அது நாடு நாடாகப் பரவி, 2006-ல் இந்தியில் 'பிக் பாஸ்' ஆக வந்தது. 2017-ல் தமிழுக்கும் வந்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1973-ல் அமெரிக்க டி.வி.யில் ஒரு நிஜ குடும்பத்தை மாதக்கணக்கில் படம் பிடித்து தொடராக காட்டினார்கள். கணவனை மனைவி வீட்டை விட்டு போகச் சொன்னதையும் நாடே பார்த்தது.

இப்போது அதற்கு டி.வி. சேனல்கூட தேவையில்லை. பஸ்சில் ஒருவர் சண்டை போட்டால், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தடுக்கி விழுந்தால், ராத்திரிக்குள் வீடியோ ஊர் சுற்றி வந்துவிடுகிறது. எட்டிடமாவது சம்மதம் கேட்டார்கள், சம்பளம் கொடுத்தார்கள். வீடியோவில் சிக்கும் சாதாரண ஜனங்களுக்கு இரண்டும் கிடையாது.

எட் தப்பித்ததற்கு காரணம், கேமராவை முதலாளி பக்கம் திருப்பியதுதான். அடுத்தவர் வீடியோவை 'பார்வர்டு' செய்யும் முன் நாமும் அதையே செய்து பார்க்கலாம். அந்த இடத்தில் நம்ம வீட்டு ஆள் இருந்தால் அனுப்புவோமா?