உங்களுக்குத் தெரியுமா? மலையில் தோட்டம், அடிவாரத்தில் வாக்கு

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகள் வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவருவோர் பலர். ஆனால், அவர்கள் இரு மாநிலங்களிலும் வாக்களிக்க முடியாது. 2011, 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் தமிழகமும் கேரளமும் ஒரே நாளில் வாக்களித்தன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன் 17ஆம் பிரிவு, ஒருவரின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளின் வாக்காளர் பட்டியலில் இடம்பெறுவதைத் தடுக்கிறது. 19ஆம் பிரிவு கோரும் ‘சாதாரணமாக வசிப்பவர்’ என்னும் தகுதி, அதாவது ஓர் ஊரில் வழக்கமாகத் தங்கி வாழ்தல், தோட்டத்தில் வீடு இருப்பதால் மட்டும் கிட்டிவிடாது என்றும், தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதால் மட்டும் பறிபோகாது என்றும் 20ஆம் பிரிவு தெளிவுபடுத்துகிறது. நிலையாகக் குடிபெயர்ந்தவர் படிவம் 8-ஐ அளித்துப் புதிய முகவரிக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். முதன்முறை வாக்காளருக்கு உரியது படிவம் 6.