பனியில் பதித்த தடம்

நுழையும்முன்

ஒருவர் பிறந்த மண்ணின் தட்பவெப்பம் அவருடைய கனவின் எல்லையாகிவிடுவதில்லை. வெண்பனி பொழியாத ஊரில் பிறந்து, பனிநாட்டார்க்கே உரியதெனக் கருதப்பட்ட விளையாட்டில் இந்தியப் பெண்களுக்கு வழி திறந்தவர் பவானி தெக்கடா நஞ்சுண்டா. அவ்விளையாட்டின் இயல்பையும் அவர் கடந்து வந்த பாதையையும் விளக்குகிறது இக்கட்டுரை.

வெயில் நிலமும் பனி விளையாட்டும்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை, மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுப்பப்பட்டது. அவற்றுள் உயர்ந்ததாகிய இராஜகிரி ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுடையது. கோடையில் அதன் படிகளில் ஏறுவோர்க்குக் கால்கள் கனக்கும், மூச்சு வாங்கும், பாறையின் வெம்மை முகத்தில் அடிக்கும். அத்தகைய ஏற்றத்தைப் படிகளின்றி, வழுக்கும் பனியின்மீது, நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு விரைந்து ஏற வேண்டுமாயின் எத்துணை வலிமை வேண்டும்! நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு அவ்வலிமையைக் கோரும் விளையாட்டாகும்.

பனிச்சறுக்கு என்றதும் மலையுச்சியிலிருந்து சீறிப் பாய்ந்து இறங்கும் காட்சியே பலர்க்கும் நினைவில் எழும். நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு அதனின் வேறுபட்டது. இதன் பாதையில் ஏற்றம், இறக்கம், மேடுபள்ளமான நிலம் ஆகிய மூன்றும் ஏறக்குறைய சமபங்காக அமையும். இறக்கத்தில் மட்டுமே புவியீர்ப்பு உதவும்; மற்ற இடங்களில் வீரர் தம் உடல் வலிமையாலேயே முன்னேற வேண்டும். காலணியின் முன்பகுதி மட்டும் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். குதிகால் கட்டின்றி எழும்பும். இரு கைகளிலும் ஊன்றுகோல்கள் இருக்கும். கால், தோள், முதுகு என உடல் முழுவதும் ஒருங்கே உழைப்பதால், இதயமும் நுரையீரலும் தம் ஆற்றலின் உச்சத்தில் இயங்க வேண்டியுள்ளது. உயிர்வளியை மிகுதியாகப் பயன்படுத்தும் திறன் கொண்ட விளையாட்டு வீரர்களின் வரிசையில் இவ்விளையாட்டினர் முன்னிற்பதற்கு இதுவே காரணம்.

இதில் இருவகை முறைகள் உள்ளன. பனியில் முன்னரே வெட்டப்பட்ட இணைத்தடங்களில் பலகைகளை நேராகச் செலுத்துவது மரபு முறை. பலகைகளை இருபுறமும் சாய்த்து உந்திச் செல்வது கட்டற்ற முறை. சில போட்டிகளில் வீரர்கள் குறித்த இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகப் புறப்படுவர். அருகில் எவரும் இல்லாத பாதையில், கடிகாரத்தை மட்டுமே எதிரியாகக் கொண்டு விரைய வேண்டிய போட்டி அது.

திறக்கப்படாத கதவு

பனி மூடிய வடபுலங்களில் பனிச்சறுக்கு முதலில் விளையாட்டன்று. வேட்டைக்கும் பயணத்திற்கும் உரிய வாழ்க்கைத் தேவை. பிரான்சு நாட்டின் சாமோனியில் 1924ஆம் ஆண்டு நடைபெற்ற முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஆடவர்க்கான நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு இடம்பெற்றது. மகளிர்க்கான போட்டியோ 1952ஆம் ஆண்டு ஆஸ்லோ ஒலிம்பிக்கில்தான் சேர்க்கப்பட்டது. பனிநாட்டுப் பெண்களே 28 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இந்தியாவின் சார்பில் பகதூர் குப்தா 2006இலும், தாஷி லுண்டுப் 2010இலும், நதீம் இக்பால் 2014இலும், ஜகதீஷ் சிங் 2018இலும் ஒலிம்பிக் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் பங்கேற்றனர். இந்நால்வரும் ஆடவர். ஜகதீஷ் சிங் இந்தியத் தரைப்படையைச் சேர்ந்தவர். பனிமலையில் வாழ்பவர்க்கும் அங்குப் பணியாற்றும் படைவீரர்க்குமே இவ்விளையாட்டு எட்டும் என்ற நிலை நிலவியது. தென்னகத்துப் பெண்ணொருவர் இக்களத்தில் இறங்குவார் என்பது எண்ணிப் பார்க்க இயலாததாயிருந்தது.

குடகிலிருந்து குல்மார்க்கிற்கு

காவிரி தோன்றும் குடகு மாவட்டத்தைச் சேர்ந்தவர் பவானி. காப்பித் தோட்டங்களும் அடைமழையும் நிறைந்த அம்மாவட்டம் விளையாட்டிற்குப் பெயர்பெற்றது. அங்குக் குடும்பங்கள் அணிகளாகத் திரண்டு வளைகோற்பந்தாட்டத் திருவிழா நடத்துவது வழக்கம். ஆயினும், அங்கு மழை உண்டு; வெண்பனி இல்லை.

பவானிக்கு மலைகளின் வழியைக் காட்டியது தேசிய மாணவர் படை. கல்லூரி நாள்களில் அதில் சேர்ந்த அவர், மலையேற்றத்தில் ஈடுபட்டார். மலையேற்றம் அவரை இமயத்திற்கு அழைத்துச் சென்றது. காசுமீரத்தின் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சி பெற்றார். நார்வே, சுவீடன் போன்ற நாடுகளில் நடைபயிலும் பருவத்திலேயே குழந்தைகள் பலகைகளைப் பூட்டிக்கொள்வர். பவானியோ வளர்ந்த பின்னரே பனியில் கால்பதித்தார். கடக்க வேண்டிய தொலைவு, போட்டிப் பாதையினும் நீண்டதாயிருந்தது.

உலகக் களத்தில்

சுலோவேனியா நாட்டின் பிளானிகாவில் 2023ஆம் ஆண்டு உலக வாகையர் போட்டி நடைபெற்றது. அதில் பங்கேற்று, உலக வாகையர் போட்டியின் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் களமிறங்கிய முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பைப் பவானி பெற்றார்.

வடகோளத்தில் கோடை நிலவும்போது தென்கோளத்தில் குளிர்காலமாகும். அதனால் அப்பருவத்தில் பனியை நாடுவோர் சிலி போன்ற நாடுகளுக்குச் செல்வர். சிலியின் கொரால்கோவில் 2025ஆம் ஆண்டு, பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் ஏற்புடைய போட்டி நடைபெற்றது. மகளிர் 5 கிலோமீட்டர் கட்டற்ற முறைப் பிரிவில், வீராங்கனையர் இடைவெளிவிட்டு ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டனர். பவானி 21 நிமிடம் 4.9 நொடிகளில் அத்தொலைவைக் கடந்து வெண்கலம் வென்றார். பன்னாட்டு நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் என அது போற்றப்பட்டது.

உலகின் முன்னணி வீராங்கனையர் இதனினும் விரைவாக அத்தொலைவைக் கடப்பர் என்பது உண்மையே. எனினும், முன்னோடியின் பெருமையை நொடிக்கணக்கால் மட்டும் அளத்தல் பொருந்தாது. புதிதாகப் பெய்த பனியில் முதலாவதாகச் செல்பவர் பனியை அழுத்தி வழி உண்டாக்க வேண்டும். ஆதலின் அவருக்கு உழைப்பு மிகுதி, வேகம் குறைவு. பின்வருவோர் அத்தடத்தில் எளிதாக வழுக்கிச் செல்வர்.

வாய்ப்பின் வழிகள்

பனியில்லாத பருவத்தில் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு வீரர்கள் சக்கரம் பூட்டிய பலகைகளைக் கொண்டு தார்ச்சாலைகளில் பயிற்சி செய்கின்றனர். ஓட்டம், மலையேற்றம் ஆகியவற்றால் உடலுரம் பெறுகின்றனர். அவ்வுரத்தைச் செஞ்சியின் குன்றுகளிலும் பெறலாம். ஆனால், உடலுரம் மட்டும் போதாது. பலகைகள், மெழுகு, பயிற்றுநர், வெளிநாட்டுப் பயணம் என இவ்விளையாட்டிற்குப் பெரும்பொருள் தேவை. திறமையும் துணிவும் உடையவர்க்கு அவ்வழிகளைத் திறந்துவிடுவது சமூகத்தின் கடமையாகும்.

பவானிக்கு முதல் வழியைத் திறந்தது, நம் பள்ளிகள் பலவற்றிலும் செயல்படும் தேசிய மாணவர் படையே. அவ்வழியில் அவர் துணிந்து நுழைந்தார். தமக்குப்பின் அது மூடிவிடாதவாறு பனியில் தம் தடத்தையும் பதித்துள்ளார்.